வெந்நீரில் துவைத்த கோட்டு

சலவைக்கூடத்தில் துணி ஊறவைக்கும் தொட்டியில் மிதந்ததைத் துணி மூட்டை என்றுதான் மார்கரெட் முதலில் நினைத்தார். கைவிட்டுத் திருப்பினார். துணிக்குள் ஆள் இருந்தது. முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். பின்மண்டை இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய விரல்கள் உள்ளே போயின.

ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்த அந்தச் சிறிய படை முகாமில் அன்று துப்பாக்கிப் பயிற்சி. கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். அந்தக் கொடி பறந்தால் எந்தப் படகும் அந்தப் பக்கம் வராது. காலையிலிருந்து வெடிச்சத்தம். அதில் மார்கரெட் போட்ட கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை. செத்தவர் கடைசியாகக் கத்தியிருந்தால் அதுவும் கேட்டிருக்காது.

செத்தவர் ஹவில்தார் பக்தவத்சலம். முகாமின் சரக்கறைக்குப் பொறுப்பாளர்.

நான் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். மார்கரெட்டின் புகார் மனுவை அடித்துக் கொடுத்தவன் நான்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, வழக்கைக் கூப்பிடும்வரை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அப்போது சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்க விரும்பாத இடங்களில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "இன்னா சார், கேக்கறதுக்கே இப்பிடின்னா?" என்பார்.

அவர் பிறந்தது திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு காலனியில். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மார்கரெட்டுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தாகம் தாங்காமல் அப்பா வயல் பம்புசெட்டின் சுவிட்சைத் தானே போட்டுத் தண்ணீர் குடித்தார். சுவிட்சைத் தொட்ட கையை வரப்பில் வைத்து இரும்புக் குழாயால் உடைத்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் பச்சை முருங்கைக் கிளை முறிகிற மாதிரி இருந்தது என்று மார்கரெட் சொன்னார். உடைத்தவர்கள் பெயரை அப்பா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் மார்கரெட்டுக்குப் பெரிய கோபம்.

பத்தொன்பது வயதில் ஊரப்பாக்கத்துக் கொத்தனார் சாலமோனைக் கட்டிக்கொண்டார். சாலமோன் குடித்த நாளிலும் அடிப்பான், குடிக்காத நாளிலும் அடிப்பான். மார்கரெட்டுக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள் கிடையாது. மகள் ஜெனிட்டாவுக்கு நான்கு வயதானபோது ஒருநாள் அவன் கை குழந்தையின் மேல் ஓங்கியது. மார்கரெட் அம்மிக் குழவியை எடுத்து அவன் தோளில் போட்டார். காறை எலும்பு நொறுங்கியது. கட்டுப்போட்டுக்கொண்டு போனவன் திரும்பி வரவேயில்லை. பெற்றோர் அடுத்தடுத்து இறந்துபோக, தம்பி கலைவாணனும் அவர் வீட்டிலேயே வளர்ந்தான். முகாமின் சலவைக்கூடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பதினான்கு வருடம் அங்கே துவைத்தார். தம்பியையும் தோட்ட வேலைக்கு அங்கேயே சேர்த்துவிட்டார்.

பக்தவத்சலம் கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். சிப்பாய்கள்மேல் அதிகம் ஓங்க முடியாது. ஒப்பந்த ஆட்கள் என்றால் கேட்பாரில்லை. அந்தச் சாவுக்கு ஒரு வாரம் முன்பு கலைவாணன் கேட் பாஸை மறந்துவிட்டு வந்தான். பக்தவத்சலம் அவனைச் சரளைக்கல்லில் முட்டி போட வைத்தார். ஒரு மணி நேர வெயில். எழுந்தபோது முட்டியில் கல் பதிந்து ரத்தம் வடிந்தது. அதோடு விட்டிருக்கலாம். எழுந்தவனைப் பிரம்பால் கன்னத்தில் ஒரு போடு போட்டார்.

"ஒரு நாளிக்கி உன் மண்டைய பொளக்கறனா இல்லியா பாரு!" என்று கலைவாணன் எல்லார் முன்னாலும் கத்தினான்.

ஒரு வாரத்தில் மண்டை பிளந்தது. போலீசுக்கு வேறு யாரையும் தேடத் தோன்றவில்லை. செவ்வாய் மாலை நான்கு மணிக்கே உள்ளூர் இன்ஸ்பெக்டர் ஜீப்போடு முகாமுக்கு வந்து, தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார். துணிக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்த வச்சலா, மார்கரெட்டோடு பத்து வருடம் வேலை செய்தவள், கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"ஆமா சார், சொன்னான். கோவத்துல சொன்னான். அவன் ஒரு கோழியகூட அறுக்க மாட்டான் சார்."

எழுதிக்கொண்டவர் 'சொன்னான்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மார்கரெட் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார். ஆறு மணி இருக்கும், இன்னும் வெளிச்சம் இருந்தது. பின்பக்கச் சுவர் வழியாகத் தம்பியின் குரல் கேட்டது. முதலில் "நானில்ல சார்" என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வார்த்தை எதுவும் இல்லை, வெறும் ஊளை. லத்தி விழும் சத்தத்தை அவர் எண்ணினார். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியவரை இரண்டு பேர் மடக்கி வெளியே தள்ளினார்கள். படியில் விழுந்து நெற்றி கிழிந்தது.

"வூட்டுக்குப் போம்மா. உன் தம்பி எல்லாத்தையும் ஒத்துக்கினான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலை முகாமில் வேலை செய்யும் எல்லாரும் விசாரணைக்கு வரவேண்டும் என்று உத்தரவு. நெற்றியில் பிளாஸ்திரியோடு மார்கரெட் போனார். விசாரித்தவர் மிலிட்டரி போலீஸ் சுபேதார் பாலசுப்ரமணியன். ஐம்பது வயது, மெதுவாகப் பேசுகிற ஆள். தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"அம்மா, இந்தக் கூடத்துல ஏதாவது காணாமப் போயிருக்கா?" என்று கேட்டார்.

மார்கரெட் சுற்றிப் பார்த்தார். பாய்லரில் வேகும் துணியைக் கிளறுகிற இரும்புக் கம்பி இல்லை. ஒரு கை நீளம், துரு ஏறியது. அதைச் சொன்னார். சுபேதார் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க தம்பி சவுக்குக் கட்டையால அடிச்சதா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். டாக்டர் காயத்துல துரு இருக்குன்றார். எனக்கும் அது இடிக்குது. ஆனா இடிக்குதுன்னு சொல்லி அவனை வெளிய கொண்டுவர முடியாதும்மா. வேற ஏதாவது வேணும்."

சாவு விழுந்தாலும் சலவை நிற்காது. முன்பக்கக் கொட்டகையில் மூட்டைகளைப் பிரித்துப் போட்டார்கள். சமையற்கூடத்து மூட்டையில் வெள்ளைக் கோட்டுகள். அழுக்கும் மசாலாவுமாக வரும் கோட்டுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது. சோப்பு வாடை அடித்தது. துவைத்த துணியை ஏன் சலவைக்கு அனுப்ப வேண்டும்? மார்கரெட் அதை விரித்துப் பார்த்தார். வலது கை மடிப்பின் தையலிலும் மார்புப் பக்கத்திலும் பழுப்பு நிறத்தில் தெளித்த மாதிரி புள்ளிகள்.

ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் ரத்தம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எதைப் போட்டாலும் போகாது. துவைக்கிறவளுக்கு இது தெரியும். சமைக்கிறவனுக்குத் தெரியவில்லை.

காலருக்குள் மையால் எழுதிய அடையாள எண் ஏழு. ஏழு என்றால் நாயக் தேவசகாயம்.

மார்கரெட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேவசகாயம் நாகர்கோவில் பக்கத்துக்காரர், பத்து வருடமாக முகாமின் சமையற்காரர். இரண்டு வருடத்துக்கு முன்பு பாய்லர் மூடி எகிறி மார்கரெட்டின் கை வெந்தபோது, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவ அறைக்கு ஓடியவர். ஜெனிட்டா நர்சிங் படித்த மூன்று வருடமும் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு பங்கை மார்கரெட்டுக்காகத் தனியாக எடுத்து வைத்தவர். முகாமில் அவரை 'அம்மா' என்று கூப்பிட்ட ஒரே சிப்பாய்.

மார்கரெட் கோட்டைப் புடவை மடிப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் மற்றவர்களின் துணியைத் துவைத்தார். "அந்த ஒரு மணி நேரம் என் தம்பிய அடிச்சிகினுதான் இருந்தாங்க சார். நான் தம்மாந்தூண்டு நல்லதுக்கு நன்றி பாத்துகினு துணி தொவைச்சிகினு இருந்தேன்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பதினோரு மணிக்குச் சமையற்கூடத்துக்குப் போனார். மற்றவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேவசகாயம் மட்டும் தனியாக ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய அண்டாவில் உலைநீர் கொதித்தது.

"அண்ணே, இது உன் கோட்டுதானே?"

அவர் கோட்டைப் பார்த்தார். வெட்டுக்கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார்.

"மார்கரெட்டம்மா, அதை இங்க தா."

"ஏண்ணே செஞ்ச?"

"அவன் சிரிச்சான், கேட்டியா?" என்றார் தேவசகாயம். "எனக்க பெஞ்சாதி ஆஸ்பத்திரில சாகக் கெடந்தப்போ லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். மூணு மட்டம் கொடுத்தேன். வரல்ல. அவ முகத்தைக்கூட நான் பாக்கல்ல. ஆறு வருசமா மேல உள்ளவங்கதான் குடுக்கல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். அப்போ ஆபீசுல இருந்தது இவன்தான். நேத்து தொட்டிப் பக்கம் அழுக்குத் துணி போட வந்தேன். எதையோ சொல்லி வாய்த்தகராறு. 'உனக்க லெட்டரைக் கிழிச்சுப் போட்டதே நான்தாண்டா'ன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான். கம்பி கைகிட்ட இருந்தது."

"எத்தினி அடி?"

"தெரியல்ல. சிரிப்பு நிக்கிறவரை."

மார்கரெட் கேட்டார்: "என் தம்பிய அடிக்கிறாங்கண்ணே. ரத்தம் கக்கறானாம். நீ வந்து சொல்லிடு. நானும் கூட வரேன்."

"அவனை விட்டிருவாங்க. சாட்சி ஏது? எனக்கு ரெண்டு பிள்ளைங்க. தாயும் இல்ல." தேவசகாயம் கையை நீட்டிக்கொண்டு நெருங்கினார். "தா அதை."

"தர மாட்டேன்."

அவர் பாய்ந்தார். பத்து வருடம் பக்குவமாகப் பரிமாறிய கை மார்கரெட்டின் தொண்டையைப் பிடித்தது. வெட்டுக்கட்டைமேல் சாய்த்து இறுக்கினார். கறி ரத்தம் மார்கரெட்டின் முதுகில் ஈரமாக ஒட்டியது. மூச்சு நின்று கண்ணுக்குள் கறுப்புப் பொட்டுகள் பறந்தன. தேவசகாயம் அழுதுகொண்டே நெரித்தார். அந்தக் கண்ணீர் தன் முகத்தில் விழுந்தது மார்கரெட்டுக்கு ஞாபகம் இருக்கிறது. "வுட்ருண்ணே, வுட்ரு" என்று தான் சொல்ல நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது, சத்தம் வரவில்லை.

கை துழாவியதில் அண்டாவில் கிடந்த அகப்பையின் காம்பு மாட்டியது. அகப்பை நிறைய உலைநீரை அள்ளி அவர் முகத்தில் வீசினார்.

தேவசகாயம் போட்ட அலறல் பயிற்சித் திடல்வரை கேட்டது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டார். மார்கரெட் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் ஓடினார். புடவை பாதி அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. அணிவகுப்பில் நின்ற சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள். விசாரணை நடந்த அறைக்குள் நேராக ஓடிப்போய் சுபேதாரின் மேசைமேல் கோட்டை எறிந்தார். பேச வரவில்லை. கழுத்தைக் காட்டினார். ஐந்து விரலும் பதிந்திருந்தது.

பாலசுப்ரமணியன் கோட்டின் காலரைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் கையாலேயே அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

தேவசகாயம் எதையும் மறுக்கவில்லை. கம்பியைச் சமையற்கூடத்து எச்சில் குழியில் புதைத்திருந்தார், இடத்தைக் காட்டினார். மாலை மூன்று மணிக்குச் சுபேதார் மார்கரெட்டையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் அசையவில்லை. கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இருக்கும்போது ஏன் விட வேண்டும் என்றார். அதற்குள் ஜெனிட்டா செங்கல்பட்டிலிருந்து திவ்யா என்ற இளம் வக்கீலைப் பிடித்திருந்தாள். திவ்யா மாஜிஸ்திரேட்டிடம் போகப்போவதாகச் சொன்ன பிறகுதான், வியாழன் மத்தியானம் கலைவாணனைப் பின்வாசல் வழியாக விட்டார்கள்.

அக்காவைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. வலது கையில் மூன்று நகம் இல்லை. இடது காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. அந்தக் காது இன்றுவரை கேட்காது.

"யக்கா, நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டேன்கா. சொன்னா வுட்டுர்றேன்னாங்க" என்றான்.

"வண்டிலேர்ந்து வுழுந்துட்டான்னு ஆஸ்பத்திரில சொல்லு. மேல பேஜார் பண்ணாத" என்று இன்ஸ்பெக்டர் மார்கரெட்டிடம் சொன்னார்.

"அட்ச்சது நீ. வுழுந்தான்னு நான் ஏன்யா சொல்லணும்?"

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் மேல் புகார் கொடுக்க மார்கரெட் என் கடைக்கு வந்தார். மனுவை அடிக்கும்போது, 'தாக்கினார்கள்' என்று நான் எழுதியதை மார்கரெட் ஒத்துக்கொள்ளவில்லை. எதால், எங்கே, எத்தனை என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று பக்கம் ஆனது.

முகாமில் அவருடைய ஒப்பந்தத்தை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. மாமல்லபுரத்து விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலை தேடிக்கொண்டார்.

ராணுவ நீதிமன்றம் வேறு ஊரில் கூடியது. சாட்சி சொல்ல மார்கரெட்டை ரயிலில் அழைத்துப் போனார்கள். நீதிமன்றத்தில் தேவசகாயம் எதிரே உட்கார்ந்திருந்தார். முகத்தில் இடது பக்கம் தோல் சுருங்கி, கண் பாதி மூடியிருந்தது. அவருக்காக வாதாடிய அதிகாரி கேட்டார்: "இவர் உங்களை நன்றாக நடத்தினார் அல்லவா?"

"ரொம்ப நல்லா பாத்துகினாரு. என் பொண்ணு படிச்சதுல பாதி அவரு போட்ட சோறு."

"அப்படியிருந்தும் ஏன் காட்டிக்கொடுத்தீர்கள்?"

"அவரு செஞ்சதுக்கு என் தம்பி செத்துகினு இருந்தான் சார். நல்லவரு கையில செத்தா சாவு இல்லன்னு ஆயிடுமா?"

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். வெளியே கூட்டிப் போகும்போது தேவசகாயம் நின்று மார்கரெட்டைக் கும்பிட்டார். மார்கரெட் கும்பிடவில்லை. திரும்பி வரும் ரயிலில் பாட்டில் தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை என்றார்.

காவல் நிலைய வழக்கு அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. கொரோனாவில் நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகு சாட்சிகள் ஒவ்வொருவராக மறந்துபோனார்கள். வீட்டு வாசலில் யாரோ ஒருவன் வந்து, ஜெனிட்டா எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள் என்று விசாரித்துவிட்டுப் போனான். மார்கரெட் அதையும் ஒரு மனுவாக என்னிடம் அடித்து வாங்கிக்கொண்டு போனார். கலைவாணனே ஒரு கட்டத்தில், "வுட்டுருக்கா, எனக்கு அந்த ரூமு பேரக் கேட்டாலே மூத்திரம் வருது" என்றான். ஒரு வாய்தாவுக்கு அவன் வரவில்லை. அக்காவும் தம்பியும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

மூன்றாவது வருடம் ஒரு திங்கட்கிழமை, கான்ஸ்டபிள் தேசப்பன் வராந்தாவில் மார்கரெட்டிடம் வந்தான். குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாவது ஆள். நகத்தைப் பிடுங்கியவன் அவன்தான் என்று கலைவாணன் சொல்லியிருந்தான். நானும் பக்கத்தில் நின்றேன்.

"யக்கா, புடிச்சி இழுடான்னாரு இன்ஸ்பெக்டரு. இழுத்தேன். இப்ப எனக்குச் சோறு எறங்கல. பொண்ணு கையப் பாத்தாகூட அந்த வெரலுதான் தெரியிது. மன்னிச்சிடுக்கா."

எதிரே இருந்த பெஞ்சிலிருந்து கலைவாணன் எழுந்து வந்தான். பாய்ந்து தேசப்பனின் குரல்வளையைப் பிடித்துச் சுவரில் வைத்து மோதினான். தலை இரண்டு முறை சுவரில் இடித்தது. தேசப்பன் கையைத் தூக்கவேயில்லை. நானும் இரண்டு வக்கீல்களும் சேர்ந்து இழுத்தும் கலைவாணனின் பிடி விடவில்லை. மார்கரெட்தான் அவன் வலது காதுப் பக்கம் வாயை வைத்துக் கத்தினார்.

"டேய், வுடுடா! வாயி வோணும்டா அவனுக்கு! உள்ள வந்து பேசணும்!"

கலைவாணன் விட்டான். தேசப்பன் இருமிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மார்கரெட் குனிந்து அவனிடம், "என்னாண்ட சொன்னியே, அதையே உள்ள ஐயாகிட்ட சொல்லு. மன்னிப்பெல்லாம் அப்பாலிக்கா பாத்துக்கலாம்" என்றார்.

அன்று அவன் சொல்லவில்லை. அடுத்த வாய்தாவில் சொன்னான். அரசுத் தரப்பு சாட்சியாக மாறி, இன்ஸ்பெக்டர் எங்கே நின்றார், யார் காலைப் பிடித்தார்கள், காதில் விழுந்த அடி யாருடையது, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது இன்ஸ்பெக்டர் அவனையே முறைத்துக்கொண்டிருந்தார். அவன் நீதிபதியை மட்டும் பார்த்தான்.

போன வருடம் தீர்ப்பு வந்தது. இன்ஸ்பெக்டருக்கும் இன்னொரு காவலருக்கும் மூன்று வருடம். மேல்முறையீடு செய்யப்போகிறோம் என்று மனு போட்டு, அன்றே ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். திவ்யா அதை விளக்கி முடித்ததும் மார்கரெட் கேட்டார்.

"மேல போனா எத்தினி வருசமாகும்மா?"

"நாலஞ்சு ஆகும்கா."

"ஆவட்டும்" என்றார் மார்கரெட். மூன்று மணிக்கு விடுதியில் ஷிப்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்து ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தார்.